குரோட்டனா, வேம்பா?

பூங்கன்றுக் கடையில் கன்று விற்பது சுலபம். வந்தவர்கள் தங்களுக்கு என்ன வேண்டுமென்று கண்டுபிடிக்கும்வரை அவர்களோடு வெயிலில் நிற்பதுதான் பெரும்பாடு. சண்டிலிப்பாயில் நானும் கணவரும் பத்து வருடமாக அப்படி நிற்கிறோம். ஏதாவதொரு கடை வைத்து நடத்துகிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேலிக்கரை

புது வீடு கட்டிய வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். அவருக்கு வேம்பு வேண்டும், மனைவிக்குச் செவ்வரத்தை. எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்டேன். கிழக்கு வேலிக்கரையில் என்றார். அப்படியென்றால் பின்னேர நிழல் பக்கத்து வளவுக்குத்தான் போகும் என்றேன். வாத்தியார் தலையைச் சொறிந்தார். மனைவி செவ்வரத்தையைக் கையில் எடுத்துவிட்டா.

“நிழல் அவையளுக்கு, சருகு கூட்டுறது எனக்கோ?”

படலைக்கு இரண்டு பக்கமும்

தொண்டைமானாற்றிலிருந்து மீன்பிடிக்கிற ஒரு அண்ணை வந்தார். மகளுக்குக் கலியாணம். வாசல் படலைக்கு இரண்டு பக்கமும் சிவப்பாகப் பூக்கிற எக்சோரா வைக்கச் சொல்லி மகள் போனில் படம் அனுப்பியிருந்தாள். நல்ல கன்றுகளாக இரண்டு எடுத்து வைத்தேன். அவர் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்தில் குந்தியும் பார்த்தார். கடைசியில் எக்சோராவோடு ஒரு பூவரசும் கொண்டுபோனார். அதற்கு முன் அவர் கேட்டது இதுதான்:

“வடிவாத்தான் இருக்கு தங்கச்சி. நாங்கள் நாலு பேர் வெயிலுக்கை இருந்து வலை தைக்கிறம். உதுக்குக் கீழை எத்தினை பேர் இருக்கலாம்?”

பாரம்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து ஒரு முஸ்லிம் அம்மா வந்தா. தொண்ணூறாம் ஆண்டு ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் காலம் கழித்து, பழைய வளவில் வீடு கட்டித் திரும்பியவ. குரோட்டன் பூச்சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தா. ஏனென்று கேட்டேன்.

“பாரம் பாக்கிறன் தங்கச்சி. முந்தி எங்கடை வாசலிலை ஒரு வேம்பு நிண்டது. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனம். அதை விட்டிட்டெல்லோ போனம்.”

பாரமில்லாத மூன்றைத் தெரிந்து கொடுத்தேன்.

இந்தத் தை மாதம் திரும்பவும் வந்தா. பேரனை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம். முகம் முழுக்கச் சிரிப்பு. குரோட்டன் பக்கம் திரும்பாமல் நேரே வேப்பங்கன்றுகளிடம் போனா.

“நல்லதா ஒண்டு தாங்கோ. இந்த முறை ஆராலும் தூக்கேலாததா இருக்கட்டும்.”

ஊருக்கெல்லாம் முடிவு சொல்லி அனுப்புகிற எங்கள் வீட்டு முற்றத்தில் மட்டும், குரோட்டனா வேம்பா என்று நானும் கணவரும் இன்னும் ஒத்துவராததால், பத்து வருடமாக வெறும் குழிதான் இருக்கிறது.