இரண்டு பக்க எஸ்டிமேட்

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது என் கார் ரோட்டோரக் கானுக்குள், மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளத்துக்குள், இறங்கியது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பதுளை பஜாரில் எங்களுக்கு ஒரு புடவைக் கடை இருந்தது. இந்தியாவிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு வந்த அப்பா ஆரம்பித்த கடை. அவருக்குப் பிறகு நானும் என் மனைவியும் நடத்தி வந்தோம். கடையில் உட்கார்ந்து விற்றதைவிடத் தேயிலைத் தோட்டங்களுக்கு எடுத்துப் போய் விற்றதுதான் எங்களைக் காப்பாற்றியது. தோட்டத்துத் துரைமார் ஆட்களுக்குத் தீபாவளி அட்வான்ஸ் கொடுக்கிற நாட்களில் மடுல்சீமைப் பக்கம் சேலை, வேட்டி, சட்டைத்துணி, கம்பளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போவேன். காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் பாயை விரித்துத் துணியைப் பரப்பினால் அரை மணி நேரத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் முழுக்கச் சுற்றி நிற்கும். இரண்டு வாரத்தில் அந்த வருடத்து வியாபாரத்தில் பாதி முடிந்துவிடும்.

அதற்காகவே ஒரு பழைய இங்கிலீஷ் கார் வாங்கியிருந்தேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் பன்னிரண்டு மூட்டை பிடிக்கும். வாங்கிய நாளிலிருந்து நான்கு வருடமாக அதற்கு ஒழுங்காக இன்சூரன்ஸ் கட்டி வந்தேன். ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்லை.

அன்று மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டு மூடுபனி கட்டியிருந்தது. ஒரு வளைவில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறி எதிரே வர, நான் இடதுபக்கம் ஒதுங்கினேன். ஈர மண் சரிந்தது. கார் முன்சக்கரத்தோடு கானுக்குள் இறங்கி, மூக்கை ஒரு கல்லில் இடித்து நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் லொறியில் வந்தவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். பார்த்தேன். இடது மட்கார்டு நசுங்கியிருந்தது, அந்தப் பக்கத்து விளக்கு உடைந்திருந்தது, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவ்வளவுதான். "கடவுள் புண்ணியத்துல சின்ன அடியோட போச்சுங்க," என்றார் அவர்களை மேய்க்கிற கங்காணி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு இன்சூரன்ஸ் எழுதித் தந்த ஏஜென்ட் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன், மரியாதையாகப் பேசுவார். மறுநாள் காலையில் அவரிடம் போனேன். அந்த வகைக் காரை விற்கிற ஏஜென்சிக் கம்பெனியின் வேர்க்ஷொப்பிலிருந்துதான் எஸ்டிமேட் வர வேண்டும், வேறு எந்தக் கராஜ் எழுதித் தந்தாலும் கொழும்பிலுள்ள இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொள்ளாது என்றார். அதன்படியே காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அந்த வேர்க்ஷொப்பில் விட்டேன்.

அங்கே இருந்த போர்மன் கோட்டுப் போட்ட ஆள். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

"காசா, இன்சூரன்சா?"

"இன்சூரன்ஸ்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் முகம் மலர்ந்தது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எனக்கு ஒரு கோப்பைத் தேநீர்கூட வந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

எஸ்டிமேட் வர பத்து நாள் ஆனது. இரண்டு பக்கம், நெருக்கமாக டைப் அடித்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் கடிதம் படிக்கிற அளவுக்கு வரும், ஆனால் கார்ச் சாமான்களின் பெயரெல்லாம் தெரியாது. என் மனைவி பதுளையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் என்னைவிட நன்றாகத் தெரியும். கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவளிடம் கொடுத்தேன். மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். புது ரேடியேட்டர். புது மட்கார்டு, இரண்டு பக்கமும். புது பொனட். நாலு கதவையும் கழற்றிச் சரிபார்த்துப் பூட்டுவது. கூரையின் உள்துணி மாற்றுவது. கார் முழுவதற்கும் பெயின்ட். இரண்டாம் பக்கத்தின் நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கார் முன்னாலதானே மோதிச்சு?"

"ஆமா."

"பின் பம்பரும் மாத்தணும்னு போட்டிருக்கு."

மறுநாள் போர்மனிடம் போய்க் கேட்டேன். அடி எங்கே பட்டாலும் அதிர்ச்சி வண்டி முழுக்கப் போகும், அதெல்லாம் எனக்கு விளங்காது, படித்தவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றார். அப்படியானால் விளக்கும் மட்கார்டும் ரேடியேட்டரும் மட்டும் செய்து தாருங்கள் என்றேன். எஸ்டிமேட் கொழும்புக்குப் போய்விட்டது, இனிப் பிரித்துச் செய்ய முடியாது என்றார். சரி, காரையாவது கொடுங்கள், எடுத்துப் போகிறேன் என்றேன். முடியாதாம். கார் அங்கே நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை இருக்கிறதாம். பார்த்து எழுதியதற்கும் கூலி இருக்கிறதாம். அதையெல்லாம் கட்டாமல் கேட்டைத் திறக்கமாட்டார்களாம். வாடகையைப் பற்றி நாற்காலி போட்ட அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கொழும்பிலிருந்து கடிதம் வர இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. திருத்துகிற செலவு காரின் மதிப்பைவிட அதிகமாக இருப்பதால், காரைத் திருத்த முடியாத சேதமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு தொகை தருகிறோம், கார் எங்களுக்குச் சேரும். இவ்வளவுதான் அதில் இருந்தது. அவர்கள் தருவதாகச் சொன்ன தொகையில் பதுளையில் நல்லதாக ஒரு பழைய காரும் வாங்க முடியாது. ஏஜென்டிடம் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முதலாளி, உங்கட பேப்பரிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா முடிவெடுக்கிறது கொழும்பு. நான் என்ன செய்யிறது?" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அங்கிருந்து நேரே வேர்க்ஷொப்புக்குப் போனேன். போர்மன் கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. பழைய காரைக் கட்டி அழுவதைவிட இது நல்லதுதான் என்றார். எழுந்து என்னை முன்பக்கத்து ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கப்பலில் வந்த புது மாடல் ஒன்று அங்கே பளபளவென்று நின்றது. இன்சூரன்ஸ் பணத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம் என்றார். அதன் கதவைத் திறந்து, உட்கார்ந்து பாருங்கள் என்றும் சொன்னார்.

நான் உட்காரவில்லை. என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. வீடுவரை நடந்தே வந்தேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. இரண்டு மூட்டையைப் பஸ்ஸின் கூரையில் போட்டுக்கொண்டு மடுல்சீமைக்கு ஒருநாள் போய்ப் பார்த்தேன். பாதி வழியில் மழை பிடித்து, மேலே இருந்த சேலையெல்லாம் சாயம் கலந்துவிட்டது. நனைந்த துணியை வீட்டுக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்:

"நீங்க போர்மன்கிட்டயும் ஏஜென்ட்கிட்டயும் மாறி மாறி நடக்கிறீங்க. பணம் கொடுக்கப்போற கம்பெனிக்காரங்க யாராச்சும் இந்தக் காரைக் கண்ணால பாத்திருக்காங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலை அவளே உட்கார்ந்து கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. எஸ்டிமேட்டின் பிரதியை இணைத்து, கார் முன்பக்கம் மட்டுமே மோதியது, இந்தப் பட்டியலில் உள்ள பொருட்களை உங்கள் ஆள் ஒருவர் காரோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆறு வரியில் எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து, மெயில் ரயிலில் காலையில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய மதிப்பீட்டாளர். கையில் குடையும் ஒரு தோல் பையும். நான் கொடுத்த காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே வேர்க்ஷொப்புக்குப் போகலாம் என்றார். இங்கிலீஷில்தான் பேசினார், அதுவும் குறைவாக.

கார் பின்கட்டில் தூசியடைந்து நின்றது. போர்மனும் பக்கத்தில் வந்து நின்றார். பெரியவர் எஸ்டிமேட்டை ஒரு கையிலும் பென்சிலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். தரையில் கைக்குட்டையை விரித்து முழங்காலிட்டு அடியில் பார்த்தார். பிறகு இடது முன்கதவைத் திறந்தார், மூடினார். அடுத்த கதவைத் திறந்தார், மூடினார். நாலு கதவும் புதுப் பெட்டி மூடி போலச் சத்தமில்லாமல் மூடின. ஒவ்வொன்றையும் மூடிவிட்டுப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

பின்பக்கம் வந்து பம்பரைக் கைக்குட்டையால் துடைத்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. இதில் சேதம் எங்கே என்று போர்மனைக் கேட்டார். முன்னால் பட்ட அதிர்ச்சி சேசிஸ் வழியாகப் பின்னால் வந்திருக்கும் என்றார் போர்மன்.

"நாலு கதவையும் விட்டுவிட்டா வந்தது?" என்று பெரியவர் கேட்டார். இன்னொரு கோடு விழுந்தது.

கடைசியில் இரண்டு பக்கத்தில் ஐந்து வரி மிஞ்சியது. அந்த ஐந்துக்கும் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலையை எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், பில்லை அனுப்பினால் இந்தத் தொகைவரைக்கும் கம்பெனி தரும் என்று என்னிடம் சொன்னார். நின்ற வாடகை? அது விபத்தால் வந்த செலவில்லை, கம்பெனி பொறுப்பேற்காது என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் போனபிறகு போர்மன் என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "முதலாளி, நாங்க உள்ளதை உள்ளபடி எழுதினா கம்பெனி அதிலயும் பாதியை வெட்டும். அதுனால ரெண்டு மடங்கு எழுதுறோம். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே," என்றார். கம்பெனிக்காரர்களைக் கேட்டிருந்தால் இவர்கள் இரண்டு மடங்கு எழுதுவதால்தான் வெட்டுகிறோம் என்று சொல்லியிருப்பார்கள். இருவருக்கும் இது பழகிப்போன விளையாட்டு. நடுவில் நின்ற என் காருக்குத்தான் நாள்வாடகை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு வாடகையையும் பார்த்த கூலியையும் கட்டி, காரை வெளியே எடுத்தேன்.

பசறை ரோட்டில் ஒரு சிங்கள மோட்டார் பாஸ் கொட்டகை போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்; மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். தமிழும் கலந்து பேசுவார். அவர் மட்கார்டைக் கழற்றி ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டியே நிமிர்த்தினார். ரேடியேட்டரின் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார். விளக்கு மட்டும் அதே மாதிரி கிடைக்காமல் வேறொரு காருடையதைப் பொருத்தினார். ஆறு நாளில் கார் ஓடியது. அவர் கேட்ட கூலி, பெரியவர் எழுதிய தொகையில் பாதிகூட இல்லை.

வாடகையில் நான் பட்ட அடியைப் பற்றி அவரிடம் புலம்பியிருந்தேன். பில் எழுத உட்கார்ந்தபோது அவர் தலை நிமிராமல் கேட்டார்: "முதலாளி, இன்சூரன்ஸ்தானே? அந்த வாடகையையும் சேத்து எழுதவா?"

உதவி செய்வதாக நினைத்துத்தான் கேட்டார். எழுதுங்க பாஸ் என்றேன். இப்போது மறைத்து என்ன பயன், எழுதச் சொன்னது நான்தான். என் பணம்தானே, அவர்கள் பிடுங்கியது என்ற எண்ணம் மனசு முழுக்க இருந்தது.

வீட்டில் அந்தப் பில்லைக் கொழும்புக்கு அனுப்பும்படி மனைவியிடம் கொடுத்தேன். படித்தாள். பாஸ் எவ்வளவு கேட்டார் என்று முன்பே அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

"இதை எழுதினது யாரு, பாஸா, அந்தப் போர்மனா?" என்றாள். பில்லை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக நான் யார் யார் மேலெல்லாம் கோபப்பட முடியாமல் அடக்கி வைத்திருந்தேனோ அதெல்லாம் சேர்ந்து வந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இரண்டு நாள் பில் மேசைமேலேயே கிடந்தது. மூன்றாம் நாள் நானே பாஸிடம் போய், உள்ளபடி வேறொன்று எழுதி வாங்கி வந்தேன். அவர் என்னைப் பாவம்போலப் பார்த்தார்.

கார் கைக்கு வந்தபோதே தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. பில் மேசைமேல் கிடக்க, மறுநாள் காலையிலேயே பன்னிரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மடுல்சீமைக்கு ஏறினேன். நான் வழக்கமாகப் போகிற முதல் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் பாயை விரித்தேன். சனம் வந்து சுற்றி நின்றது, ஆனால் யாரும் துணியைத் தொடவில்லை. பண்டாரவளையிலிருந்து இன்னொரு வியாபாரி லொறியில் வந்து போய்ப் பத்து நாளாகிவிட்டது. அட்வான்ஸ் பணமெல்லாம் அவனிடம் போய்விட்டது. வருடாவருடம் என்னிடம் வாங்குகிற ஓர் அம்மா சங்கடத்தோடு முன்னால் வந்தாள்.

"நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தோம்ங்க. புள்ளைகளுக்குத் துணி எடுக்காம இருக்க முடியுங்களா?"

முடியாதுதான். அவளிடம் என்ன சொல்வது? எஸ்டிமேட்டைப் பற்றியா? சரிம்மா என்று சொல்லிவிட்டு, அன்று கம்பளி நாலும் தாவணி ஐந்தும் விற்று, மிச்சத்தை மறுபடி மூட்டை கட்டினேன். அந்தத் துணியைப் பொங்கலுக்கு விலை குறைத்துத்தான் தள்ள முடிந்தது.

இன்சூரன்ஸ் செக் தை மாதம் பாதியில் வந்தது. பாஸின் கூலி எவ்வளவோ அவ்வளவு, ஒரு சதம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வங்கிக்கு நடந்தேன். அங்கே வரிசை வாசல்வரைக்கும் நின்றது.