சுவர் தாண்டி வந்த வயர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு வைகாசி முகூர்த்த நாள். திருத்தணியில் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கல்லூரிக்கு விடுமுறை. ஆய்வகத்தில் நான் மட்டும். சாயத்தால் வெயிலைப் பிடித்து மின்சாரம் தரும் ஒருவகைச் சூரிய மின்கலத்துக்காக, கண்ணாடித் துண்டின்மேல் துத்தநாக ஆக்சைடை மெல்லிய படலமாக வளர்ப்பதுதான் என் வேலை. கரைசலில் கண்ணாடியை நிறுத்தி, சூடு குறையாமல் மணிக்கணக்கில் காக்க வேண்டும். சூடு இறங்கினால் படலம் திட்டுத்திட்டாகிவிடும். அன்று உள்ளே இருந்தவைதான் கைவசமிருந்த கடைசிக் கண்ணாடிகள். அவை போனால் ஆய்வேடும் போச்சு.

பாதியில் கரண்ட் போய்விட்டது. கல்லூரி ஜெனரேட்டரோ வழக்கம்போல் பழுது. ஆத்திரமும் அழுகையுமாக ஜன்னலைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம். மலையில் தாலி கட்டிவிட்டு இறங்கி வந்த கூட்டம். வெட்கத்தை விட்டு உள்ளே ஓடினேன்.

மணப்பெண்ணின் அப்பாவிடம் மூச்சிரைக்க நிலைமையைச் சொல்லிக் கரண்ட் கேட்டேன். என்ன புரிந்ததோ, "எம்மா நேரம் வோணும்?" என்றார்.

"ரெண்டு மணி வரைக்கும்ங்க."

ஜெனரேட்டர்காரர் குறுக்கே வந்தார். "லோடு தாங்காதுங்க. மேடை லைட்டை நிறுத்தினாத்தான் முடியும்."

"போட்டோ எல்லாம் கறுப்பா வரும்!" என்று கத்தினார் கேமராக்காரர். யார் வீட்டுக் கல்யாணத்தையோ நான் ஏன் கெடுக்க வேண்டும்? வாசல் பக்கம் திரும்பினேன்.

மேடையிலிருந்து மணப்பெண்ணே குரல் கொடுத்தாள்.

"நைனா, லைட்டை நிறுத்திட்டு அந்த அக்காக்குக் குடு. என் மூஞ்சி இவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

சுவரைத் தாண்டி ஜன்னல் வழியாக வயர் வந்தது. இறங்கத் தொடங்கியிருந்த சூடு மறுபடி ஏறியது. நடுவில் ஓர் அம்மாள் ஜன்னலுக்கு வந்து இலைப்பொட்டலத்தை நீட்டினாள். "உன் சமையலு வெந்துகினு இருக்கட்டும், நீ சாப்டும்மா." வராந்தாவில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

படலம் பாலாடை போல ஒரே சீராக வந்தது. கழுவி உலர்த்திவிட்டு நன்றி சொல்ல ஓடினால், பெண்ணும் மாப்பிள்ளையும் வேன் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். அந்தப் படலத்தில் செய்த மின்கலத்தை வெயிலில் வைத்து மீட்டரில் எண் ஏறியதைப் பார்த்தபோதும் அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்டது.

அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளுடைய கல்யாண ஆல்பத்தில் பாதிப் படம் மங்கலாகத்தான் இருக்கும், அதற்குக் காரணம் நான். அதைப் புரட்டும் போதெல்லாம் அவள் என்னைத் திட்டாமல் சிரிக்க வேண்டும் என்றுதான் இன்றும் ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலையேறி வேண்டிக்கொள்கிறேன்.