எட்டாம் மாதத்தில் ஏறிய பஸ்

"கெணத்துல தண்ணி வத்துனா எட்டிப் பாத்தாத் தெரியும். வயித்துல வத்துனது அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?" என்று கேட்டார் என் மாமியார். நல்லம்பள்ளியில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். டேப் வைத்து அளந்தார். மூன்று வாரமாக வயிறு ஒரு விரல்கூட ஏறவில்லை. குழந்தையின் முழங்கால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்பட்டது. பனிக்குடத்து நீர் குறைந்திருக்கிறது, பிரஷரும் ஏறியிருக்கிறது, நாளைக்கே சேலம் போய் ஸ்கேன் எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்த அந்தச் சீட்டைப் படிக்கப் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் என்னை விட்டால் ஆளில்லை.

"எட்டாம் மாசத்துல பொம்பள வெளியூரு போய்த் தங்கக் கூடாது. ஏழுல பொறந்தாலும் பொழைக்கும், எட்டுல பொறந்தா பொழைக்காது. ஒம்போது பொறக்கட்டும்" என்றார் மாமியார்.

என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பதினோரு நாளுதான? அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பதினோரு நாள்!

முதல் குழந்தைக்கும் என் வயிறு சிறியதாகத்தான் இருந்தது. "சின்ன வயிறு, சுளுவா பெத்துடுவா" என்று தெருவே மெச்சியது. ப்ளஸ் டூ வரை படித்த நானும் அதைக் கேட்டுப் பூரித்தேன். சுலபமாகத்தான் பிறந்தது. அழவில்லை. மாமியார் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி, அன்று பூரித்துப்போன என் மேல்தான்.

மறுநாள் காலை கூழ் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணினேன். பத்து மணி வரைக்கும் இரண்டே இரண்டு. கணவர் வயலில் இருந்தார். சீட்டையும் மாற்றுச் சேலையையும் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமியார் கத்தினார். "படிச்ச கொழுப்புடி! ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த வூட்டுப் பக்கம் வராத!"

"ஏதாச்சும் ஆவக் கூடாதுன்னுதாங்க அத்தை போறேன்."

சேலத்தில் ஸ்கேன் எடுத்தவர் முகம் மாறியது. நீர் அநேகமாக இல்லை, உடனே ஆபரேஷன் என்றார்கள். காகிதத்தை நீட்டிய நர்ஸ், "வீட்டுக்காரர் வரலையா? ஆம்பளை கையெழுத்து வேணுமே" என்றார்.

"கொழந்த என் வயித்துலதாங்க இருக்குது. குடுங்க."

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றே முக்கால் கிலோவில் ஒரு பெண். அழுதாள்.

அவளுக்கு இப்போது இரண்டு வயது. "எட்டுல பொறந்தவளாட்டமா இருக்கறா?" என்று மாமியார் போவோர் வருவோரிடமெல்லாம் காட்டுகிறார். எப்படிப் பிறந்தாள் என்று மட்டும் சொல்வதில்லை.

என் கொழுந்தனார் மனைவிக்கு இந்த வாரம் எட்டு பிறந்தது. "சின்ன வயிறு, சுளுவா பெத்துடுவா" என்று நேற்று மாமியார் அவளிடமும் சொன்னார். அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்தாள்.

நான் வாதாடவில்லை. இன்று காலை முதல் பஸ்ஸில் அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், டேப் வைத்து அளக்கச் சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன்.