வலது காலின் மேல் விழுந்த பழி

2024 நவம்பர் 10, ஞாயிறு. எழுந்ததும் பால் காய்ச்சி காபி போட்டேன். குழாயில் குடிநீர் பிடித்து வைத்தேன். வாரத்துக்கான புடவைகளை இஸ்திரி போட்டு, உடுத்தும் வரிசையில் தொங்கவிட்டேன். இதற்கு அடுத்து கார் கழுவுவது என் வழக்கம். சில வாரங்களாக அது இல்லை. சாவி கொழுந்தனாரின் இடுப்பில் இருந்தது.

ஓரிக்கையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வீடு இருக்கும் பிள்ளையார்பாளையத்திலிருந்து போய்வர என் சம்பளத்தில் வாங்கிய கார் அது. இரண்டு கை மாறி வந்த பழைய வண்டி. போன மாதம் காந்தி ரோட்டில், பட்டுக் கடைகளின் முன்னால் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் என்ஜின் இரைந்தது. பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிப்பதுபோல் இருந்தது. முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகில் முட்டித்தான் வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை.

மெக்கானிக் கருவியைச் சொருகிப் பார்த்தார். "'லீன்'ஆ ஓடுது சார். பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி" என்றார். கேட்டது நான், பதில் என் கணவருக்கு. ஒரு சென்சாரை மாற்றினார். இரைச்சல் குறையவில்லை. பிரேக் கெட்டியாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன்.

"சார், மேடத்துக்குக் கால்ல பெலம் இல்ல. ஆக்சிலேட்டர்ல வச்ச கால் மட்டும் அங்கியே குந்திக்கினு இருக்குது. என்ஜின் இன்னா பண்ணும்?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அன்று மாலையே சாவி கைமாறியது. நான் கொழுந்தனாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். போகும்போதெல்லாம் அவர் என் காலை விசாரிப்பார்.

எங்கள் நிலையத்தில் ஒரே ஆளின் இரண்டு முடிவுகள் தாறுமாறாக வந்தால், இரண்டுக்கும் மூலம் ஒன்றா என்றுதான் முதலில் பார்ப்போம். அந்த ஞாயிறு இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அதைத்தான் யோசித்தேன். என்ஜினுக்குக் கணக்கில்லாத காற்று எங்கிருந்தோ போகிறது. பிரேக்குக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்கவில்லை. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். பிரேக்கை இலகுவாக்குவது என்ஜினின் உறிஞ்சல்தான். அது ஒரே ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாய் ஓட்டையானால் என்ஜின் வெளிக்காற்றைக் குடித்து இரையும். பிரேக்கும் கல்லாகும்.

சாவியைக் கேட்டேன்.

"ஓட்டமாட்டீங்கல்ல அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் கொழுந்தனார் கொடுத்தார்.

பானெட்டைத் திறந்து, பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பெட்ரோல் வாடை இல்லை. வேறொரு நாற்றம் இருந்தது. நான் ஓட்டிய கடைசி நாட்களில் ஏசி போட்டபோது வந்த அதே நாற்றம். என்ஜினை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். ரேடியேட்டர் விசிறி நிற்கும் இடைவெளிகளில் ஒவ்வொரு ரப்பர் இணைப்பின் அருகிலும் பிடித்தேன்.

"இன்னா அண்ணி, வண்டிக்குப் பூஜையா? பிரசாதம் உண்டா?"

ஊதுபத்தியை அடுத்த இணைப்புக்கு நகர்த்தினேன். புகை எல்லா இடத்திலும் நேராக மேலே போயிற்று. என்ஜினுக்குப் பின்னால், பிரேக் குழாயின் அடிப்பக்கத்தில் மட்டும் சட்டென்று வளைந்து உள்ளே போனது. கணவரைக் கூப்பிட்டு, அந்தக் குழாயை இடுக்கியால் நெரிக்கச் சொன்னேன். என்ஜின் இரைச்சல் அப்படியே தணிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, குழாயைக் கழற்றினோம். அடிப்பக்கம் பல் பட்டுப் பட்டுப் பிய்ந்திருந்தது. அதன் கீழே, தகட்டு மடிப்பில், உள்ளங்கை அகலத்துக்கு எலிக்கூடு. புழுக்கை, மூத்திரத்தில் ஊறிக் கறுத்த பஞ்சு, காய்ந்துபோன குட்டி ஒன்று. சுற்றிலும் அரக்கும் பச்சையுமாகப் பட்டு நூல் துணுக்குகள். கொழுந்தனார் வீட்டிலேயே பட்டு நெய்கிறவர். அவர் தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த சேலை அரக்கு, கரை பச்சை. நடுவில் பூசணம் பிடித்த பொரியும் பொட்டுக்கடலையும் கிடந்தன.

"பொரி எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

கொழுந்தனார் தலையைச் சொறிந்தார். "ஆயுத பூஜை அன்னிக்கு நான்தான் ரெண்டு கை வச்சேன். தறிக்கு வச்சோம், ஊடை ஓட்டற நாடாவுக்கு வச்சோம். வண்டிக்கு மட்டும் வெளியில பொட்டு வச்சுட்டு விட்டா போதுமா? என்ஜினுக்குத்தான பூஜை, கண்ணாடிக்கா பூஜை?"

"வச்சத எடுத்தியாப்பா?"

"சாமிக்கு வச்சத உடனே எடுப்பாங்களா?"

அப்புறமும் எடுக்கவில்லை. முறத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணி, எனக்கு வாந்தி வருது."

"இந்த நாத்தத்தத்தான் நான் ஏசியில இழுத்துக்கினு வேலைக்குப் போனேன். எடு."

எடுத்தார். நடுவில் இரண்டு முறை சாக்கடைப் பக்கம் ஓடினார். எனக்கு இரக்கம் வரவில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அந்த மடிப்பை நானே தேய்த்தேன். கையுறை போட்டிருந்தும், பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

மாலையில் மெக்கானிக் புதுக் குழாயோடு வந்து மாட்டினார். பிரேக் மெத்தென்று இறங்கியது. "எலி கடிச்சா யாரு இன்னா பண்றது சார்?" என்றார். இப்போதும் என் கணவரிடம்தான். என் காலைப் பற்றிப் பேச்சே இல்லை. மெக்கானிக் தொட்ட ஸ்டீயரிங்கையும் துடைத்தேன். சாவியை ஆணியில் மாட்டவில்லை, யாரிடமும் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பல் துலக்குவதற்கு முன்பே தெருவில் இறங்கினேன். கொழுந்தனார் வாசலில் நின்று, அன்றைய நெசவுக்கான ஊடை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். கை பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்து, வண்டியைக் கிளப்பினேன். பிறகு வலது காலை வெளியே நீட்டி, அவர் கண்ணுக்குப் படும்படி தெருவில் ஊன்றிக்கொண்டேன். ஆக்சிலேட்டரில் கால் இல்லாமலே என்ஜின் சூடாகும் வரை கொஞ்சம் இரைந்தது. பிறகு மெல்ல இறங்கி அடங்கியது. அவர் நூலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகும் வரை காலை எடுக்கவில்லை.