பையில்லாத மிஷின்

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. காய் வாங்கினால் தராசு முள் நிற்கும்வரை கடையை விட்டு நகரமாட்டேன். அதனால் வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர் எங்கள் மெத்தையில் வாக்குவம் கிளீனரை ஓட்டி, கண்ணாடி மாதிரி இருந்த டப்பாவுக்குள் சுழன்ற தூசியைக் காட்டியபோது, அதைக் கையோடு கொண்டுவந்திருப்பாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

“பை மாத்துற பேஜாரே கெடையாது சார். டப்பா ரொம்பிச்சின்னா கொட்டிட்டுப் போய்க்கினே இருக்கலாம்,” என்றார்.

மனைவி பார்த்த பார்வையில் வாங்கிவிட்டோம். எங்கள் சின்ன மகளுக்கு மூச்சிரைப்பு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குடியிருப்பு; எவ்வளவு பெருக்கினாலும் காற்று மணலைக் கொண்டுவந்து போடும். தூசியே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மனைவிக்குச் செங்கல்பட்டில் வேலை. பஸ் பிடித்து அவள் வீடு சேரும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். விளக்கு வைத்தபின் பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். “இது என்ன துடைப்பமா?” என்று மிஷினை மட்டும் ஓட்டுவாள். ஆனால் குப்பையை வெளியே கொட்டமாட்டாள். காலை அவசரத்தில் அது மறந்துபோகும். மறுநாளும் அதே டப்பாவோடு ஓடும்.

மகளுக்கு இரைப்பு கூடியது. நான் பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டேன். பிறகு சிற்பக் கூடங்களின் கல்தூசியை. டாக்டரையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள், அப்போதுதான் துடைத்திருந்த மேஜையில், மிஷின் ஓடி முடிந்த கையோடு, விரலால் கோடு இழுக்க முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் அது ஓடும்போது, காற்று வெளியேறும் பின்பக்கத்தில் ஈரக் கைக்குட்டையைப் பிடித்தேன். வெள்ளைத் துணி சாம்பல் நிறமானது. டப்பா கழுத்துவரை நிறைந்திருந்தது. உள்ளே வடிகட்டி அடைத்துக் கிடந்தது. பெரிய குப்பையை வைத்துக்கொண்டு, பொடியை எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஊதியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. மிஷினை நம்பாதது சரியாகிவிட்ட சந்தோஷமும் கூடவே வந்தது.

“பாத்தியா, அப்பவே எனக்குச் சந்தேகந்தான்,” என்று கைக்குட்டையை மனைவியிடம் நீட்டினேன்.

அவள் மிஷினை நிறுத்தினாள். அறைக்குள் மகளுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது.

“அவ கட்டிலைச் சுத்தி மட்டும் ரெண்டு தடவை ஓட்டுவேங்க,” என்றாள். “அவ படுத்திருக்கும்போதே.”