கதாநாயகிக்கு என்ன வேண்டும்

திரைக்கதை எழுதுவது எப்படி என்று யூடியூபில் யோசனை சொல்கிறவர்கள் எல்லோரையும் ஒரு நாள் பாலவனத்தத்துக்கு, மதன்குமாரின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது என் ஆசை. சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இவனோ டாக்டர் கொடுத்த மாத்திரை மாதிரி எல்லாவற்றையும் அப்படியே விழுங்கிவிடுகிறவன்.

மதன்குமாருக்கு நாற்பது வயதாகப் போகிறது. குட்டியானை வண்டி வைத்து, பந்தல்குடிப் பக்கமிருந்து மக்காச்சோளமும் பருத்தியும் அருப்புக்கோட்டைக்கு ஏற்றி வருகிறான். அப்பாவுடைய கரிசல் காடு கொஞ்சம் இருக்கிறது. மழை பெய்தால் விதைப்பார்கள், பெய்யாவிட்டால் அது சும்மா கிடக்கும். லோடு கிடைக்காத பகல்களில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்துவிடுவான். அவனோடு ஒரே பெஞ்சில் படித்த பாவத்துக்கு, அவன் சொல்லும் சினிமாக் கதைகளை எல்லாம் நான் கேட்டாக வேண்டும். பேய்க்கதை சொன்னான், போலீஸ் கதை சொன்னான். ஒன்றும் தேறவில்லை.

அப்புறம் ஏதோ ஒரு வீடியோவில், முதல் முதலாக எழுதுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுத வேண்டும் என்று எவரோ சொல்லிவிட்டார்.

"ஏலே அனீஸு, எனக்கு நல்லாத் தெரிஞ்சது என் கலியாணக் கதைதாம்லே" என்று வந்து நின்றான்.

அந்தக் கதை எனக்கு மனப்பாடம். அவன் மனைவி கனகலட்சுமி அவனுக்குத் தாய்மாமன் மகள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, மதுரையில் நர்சிங் படிக்க சீட்டும் வாங்கி வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருவதாகத் தகவல் வந்தது. இவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய் மாமன் வீட்டு வாசலில் நின்று, முறைப்பெண்ணை வேறு யாருக்கும் கொடுக்க விடமாட்டேன் என்று சத்தம் போட்டான். உள்ளேயிருந்து வந்த அவள் இவனைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த மாதமே கல்யாணம். இரண்டு பிள்ளைகளாகிவிட்டன. இப்போது அவள் அருப்புக்கோட்டையில் ஒரு மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறாள். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அவன் முகம் மாப்பிள்ளைக் களைக்கு மாறிவிடும்.

அதையே திரைக்கதையாக எழுதினான். மதுரையில் நடந்த ஒரு சினிமாப் பயிற்சி வகுப்பில் பழக்கமான இளம் இயக்குநர் ஒருவர், தயாரிப்பாளர் கிடைத்திருக்கிறார், ஊர்க் கதை வேண்டும் என்று சென்னைக்குக் கூப்பிட்டார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"எல்லா சீன்லயும் அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே இருக்குண்ணே. அதுக்கு என்ன வேணும்? அதைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க, பண்ணலாம்."

எதையாவது இட்டுக்கட்டி எழுதுடா என்றேன். கேட்கவில்லை. தெரிந்ததைத்தான் எழுதவேண்டுமாம். வீட்டுக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டிருக்கிறான்.

"அன்னைக்கு உனக்கு என்ன வேணும்னு இருந்துச்சு?"

"மதுரைக்குப் படிக்கப் போகணும்னு இருந்துச்சு."

"அது சரி. என்னப் பத்தி?"

"உங்களப் பத்தி நான் ஒண்ணும் நெனைக்கல மச்சான். படிக்க வைக்கிறதா இருந்தா எனக்குச் சம்மதம்னு, வாரவுககிட்டச் சொல்லச் சொல்லி அம்மாவக் கெஞ்சி வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்து நின்னுட்டீக."

"அப்ப ஏன் சிரிச்ச?"

"தெருவே கூடி வேடிக்கை பாக்குது. அப்பா அருவாளத் தேடுறாக. நான் அழுதிருந்தா அன்னைக்கு யாராவது ஒருத்தர் செத்திருப்பீக. அதான் சிரிச்சேன்."

கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாளாம். மறுநாள் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, வாங்கிக்கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்கத் தோன்றவில்லையா? சினிமாக்காரன் ஒருவன் வந்து சொல்லித்தான் கேட்கவேண்டுமா? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வரவில்லை. தன் வாழ்க்கையிலேயே பெருமைப்பட அவனிடம் இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

ஒன்று சொல்லவேண்டும். அவன் எதையும் மறைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு மறுபடியும் சென்னைக்குப் போனான். கேட்ட இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இதாண்ணே படம்! கடைசில அந்தப் பொண்ணு பையைத் தூக்கிட்டு மதுரை பஸ்ஸுல ஏறிடணும்."

"ஏறமாட்டா தம்பி."

"ஏன்?"

"ரெண்டு பிள்ளைக இருக்கு தம்பி. அவ போகமாட்டா."

"போகலைன்னா படமே இல்லண்ணே. எழுதிக் குடுங்க, இல்லேன்னா விட்டுருங்க."

"அவ என் பொண்டாட்டி. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். பஸ்ஸில் இருந்தபடியே எனக்குப் போன் போட்டு, "சான்சு போனாப் போகுதுலே, அவள விட்டுக்குடுக்கல நானு" என்றான். குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

காலையில் வீட்டுக்குள் நுழையும்போது கனகலட்சுமி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"கடைசில நீ வீட்ட விட்டுப் போயிரணுமாம்."

"நீங்க என்ன சொன்னீக?"

"போகமாட்டான்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள்: "என்னையக் கேட்டா சொன்னீக?"

பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதுதானடா, இப்பவாவது கேளேன் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "பயமா இருக்குலே" என்கிறான்.

இது நடந்து சில மாதங்களாகின்றன. அவன் இன்னும் கேட்கவில்லை. எழுதுவதையும் விட்டுவிட்டான். சாயங்காலம் அவள் வேலை விட்டு வரும் நேரத்துக்கு மட்டும், லோடு எங்கே கிடந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பாலவனத்தம் ஸ்டாப்பில் நிற்கிறான். பஸ்ஸிலிருந்து அவள் இறங்குகிறாளா என்று பார்க்கத்தான்.