மச்சான் பிடிக்கக் கூடாத கயிறு

மிராண்டா சார் இறந்த செய்தியைக் கஸ்பார்தான் கொண்டுவந்தான். துறைமுகப் பட்டறையில் கம்ப்ரஸரின் வால்வைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் வந்து நின்றவன் உள்ளே வரவில்லை.

"சார் போயிட்டாவ" என்றான்.

"எந்தத் தூணடியில?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"தண்ணியில இல்ல சார். வேம்பார்ல, வீட்டுல. மத்தியானம் சாப்புட்டுட்டுக் கட்டில்ல சாஞ்சாவளாம். எழுப்புனா எந்திரிக்கல."

அன்று முழுவதும் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எந்த இடத்தில் முங்கினார் என்றுதான் கேட்டார்கள். அந்த மனிதரைக் கடல்தான் கொண்டுபோகும் என்று நாங்கள் ஆளாளுக்கு மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்திருக்கிறோம். கரையில், சொந்தக் கட்டிலில் போனார் என்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இருக்கவில்லை. இனிமேல் தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் கதி என்ன என்ற நினைப்புதான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லாசர் மிராண்டா வேம்பாரில் பிறந்து, சின்ன வயதிலேயே கப்பற்படைக்குப் போய், குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு கடலடியில் வேலை செய்யக் கற்றவர். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். தூண்களின் அடியைப் பார்ப்பது, தண்ணீருக்குள் இரும்பை வெட்டுவது, பற்றவைப்பது எல்லாவற்றுக்கும் அப்போது பம்பாயிலிருந்து ஆட்கள் வந்துபோனார்கள். இங்கேயே ஆட்களைத் தயார் செய்வது என்று முடிவாகி, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும் குழாய்க்குக் காற்று அனுப்ப ஒரு பழைய கம்ப்ரஸரும் கொடுத்து, பயிற்சிப் பள்ளி என்று பெயரும் வைத்தார்கள். கம்ப்ரஸர் என் பாடம். தண்ணீர் அவர் பாடம்.

நான் எட்டயபுரத்துக்காரன். நீச்சல் தெரியாது. "கரிசக்காட்டு ஆளு நீரு. முட்டளவு தண்ணியில நின்னாலே சாமி கும்பிடுவீரு. அதனாலதான் உம்மள நம்பி என் மூச்சக் குடுத்திருக்கேன்" என்பார். கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார் என்று பிறகு புரிந்தது.

படிக்க வந்தவர்கள் தருவைகுளம் தொடங்கி வேம்பார் வரை சங்கு குளித்துப் பிழைத்தவர்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள். ஒரே மூச்சில் அடிவரை போய்க் கை நிறையச் சங்கோடு மேலே வருகிறவர்கள். அவர்களைப் பார்த்ததும் எங்கள் மேற்பார்வைப் பொறியாளருக்கு வாயெல்லாம் பல். "நம்ம ஆளுங்க தாய் வயித்துலயே முங்கிப் பழகினவங்க. இவங்களுக்கு எதுக்கு இத்தனை மாசப் படிப்பு?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மிராண்டா சாருக்கு முகம் மாறிவிட்டது. "அதுதான் சார் பயமே. ஒண்ணும் தெரியாதவன்னா சொல்லிக்குடுத்துரலாம். இவனுவளுக்குத் தெரிஞ்சத உடம்புல இருந்து கழத்தணும்" என்றார். பொறியாளர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

முதல் நாள் வகுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாதா கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய சிவப்புப் பலூன் ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தூணடிக்கு இறங்கினார். அங்கே குழாயிலிருந்து காற்றுப் பிடித்து அதை நிரப்பி, முடிச்சுப் போட்டு, கையை விட்டார். மேலே தோணியில் நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சைத் தண்ணீருக்குள் சிவப்பாக ஒன்று தெரிந்தது. வர வரப் பெருத்தது. மேலே வந்து சேருமுன்பே வெடித்தது. கிழிசல் மட்டும் மிதந்தது. ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அவர் மேலே ஏறி, தலையைத் துவட்டாமலே சொன்னார்: "சிரிச்சாச்சா? இப்ப வெடிச்சது உங்க நெஞ்சு."

சங்கு குளிக்கிறவன் மேலே இருக்கும் காற்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு போகிறான். அவன் மூச்சைப் பிடித்தபடி எத்தனை வேகமாக மேலே வந்தாலும் குற்றமில்லை. அந்த வேகம்தான் அவனைக் காப்பாற்றுகிறது. குழாய்க்காரனோ ஆழத்தில், அமுக்கப்பட்ட காற்றை வாங்குகிறான். அதை நெஞ்சில் அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அது உள்ளேயே விரிந்து கிழித்துவிடும். அவன் மூச்சை விட்டுக்கொண்டே, மெல்ல, நின்று நின்று வர வேண்டும். பிழைப்பதற்காக அப்பன் காலத்திலிருந்து உடம்பில் ஏறிய பழக்கமே இப்போது ஆளைக் கொல்லும். சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். உடம்புக்குப் புரிய மாதக்கணக்காகும் என்பது அவர் கட்சி.

மூச்சைப் பிடிக்கவிடாமல் செய்ய அவர் ஒரு வழி வைத்திருந்தார். மேலே வரும்போது வாயில் குழாயைக் கடித்தபடி, தொண்டைக்குள் பாட்டு முனக வேண்டும். முனகுகிறவனால் மூச்சை அடைக்க முடியாது. சர்ச்சில் பாடும் பாட்டோ, சினிமாப் பாட்டோ, அவரவர் இஷ்டம். தாடிவைத்த ஆண்கள் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து மூக்கால் முனகுவதைக் கேட்டு, வழியே போன கிரேன்காரர்கள் எங்களை ஊமைப் பள்ளிக்கூடம் என்று கேலி செய்தார்கள். நான் கம்ப்ரஸர் அருகே நின்று குமிழ்களைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு முன்னால் குமிழ் வந்துகொண்டே இருந்தால் அவன் முனகுகிறான். குமிழ் நின்றால் மூச்சைப் பிடித்துவிட்டான்.

இவ்வளவையும் ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள். கயிறு விஷயத்தில்தான் சண்டை வந்தது. இந்தக் கரையில் சங்கு குளிக்கப் போகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தான். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். தங்கை தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்போடு பிடிப்பவன் கண் அசரமாட்டான். மிராண்டா சார் தம் பள்ளியில் மச்சான் கயிறு பிடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

கஸ்பார் கொதித்துப்போனான். அவன் தங்கை ரீத்தாவின் புருஷன் சூசை. இருவரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கு வந்திருந்தார்கள். "எந் தங்கச்சிக்கு நாந்தானே சார் பதில் சொல்லணும்? எவன் கையிலயோ கயித்தக் குடுத்துட்டு நா வேடிக்க பாக்கணுமா?" என்றான்.

"ஏலே, உனக்குப் பாசம் ஜாஸ்தி. பாசம் உள்ளவன் சீக்கிரம் இழுப்பான். எனக்குச் சீக்கிரம் இழுக்காதவன் வேணும்."

"அப்ப ஈவிரக்கம் இல்லாதவனப் புடிச்சுக் கெட்டிப்போடுங்க" என்று கஸ்பார் துண்டை உதறிக்கொண்டு போனான். மறுநாள் வந்துவிட்டான் என்றாலும் அவன் முகம் அப்படியேதான் இருந்தது. சூசை இரண்டு பேருக்கும் நடுவில் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பயிற்சி முடியும் முன்பே வேலையும் தொடங்கிவிட்டது. அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு காலைப்பொழுது, கப்பல் கட்டவேண்டிய இடத்தில் தூண் ஒன்றின் அடித் தகட்டில் போல்ட்டுகள் தளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் கப்பல் வருகிறது. மிராண்டா சார் அப்போது துறைமுகப் பாலத்தின் கடைசித் தூணில் வேறொருவனோடு தண்ணீருக்குள் இருந்தார். சூசைக்குக் கயிறு பிடிக்க வேண்டியவன் காய்ச்சலில் வரவில்லை. பொறியாளர் கஸ்பாரைக் கூப்பிட்டார்.

"மிராண்டா சார் வந்துரட்டும் சார்" என்றேன்.

"அவர் வந்து என்ன செய்யப்போறார்? இவன் தினமும் பிடிச்ச கயிறுதானே?" என்றார். கஸ்பார் அதற்குள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் முகம் தெளிந்திருந்தது.

சூசை இறங்கினான். வேலையை ஒழுங்காக முடித்தான் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். மேலே வரக் கயிற்றை அசைத்தான். கஸ்பார் இழுத்தான், இரண்டு கையாலும் மாற்றி மாற்றி, எத்தனையோ ஆண்டுகள் இழுத்த மாதிரியே. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "மெல்ல! மெல்ல இழுலே!" என்று கத்தினேன். தண்ணீரைப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட இல்லை.

சூசை கன்னம் உப்பியபடி மேலே வந்தான். "வந்துட்டியா மாப்ள" என்று கஸ்பார் தோளைப் பிடித்துத் தூக்கினான். சூசை அவனைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்போடு வாயிலிருந்து இளஞ்சிவப்பாக நுரை வந்தது. வலது கை தோணி விளிம்பைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நழுவியது. பிறகு அவனுக்கு நினைவு தப்பிவிட்டது.

மிராண்டா சார் வந்தார். சூசையைச் சாய்த்துப் படுக்கவைத்தார், நாடி பார்த்தார், ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். இப்படி ஆனவனை உள்ளே வைத்து, அழுத்தத்தை ஏற்றி மெல்ல மெல்ல இறக்கும் இரும்பு அறை ஒன்று உண்டு. அது வேண்டும் என்று பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு மிக அருகில் இருந்த அறை கொச்சியில் இருந்தது. ஜீப்பில் போய்ச் சேர்கிற தூரமா அது?

சூசை பிழைத்தான். வலது கை வரவில்லை. காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். ஆஸ்பத்திரியில் பேச்சு குழறலாகத் திரும்பியதும் மிராண்டா சார் அவனிடம் கோபமில்லாமல் கேட்டார்: "ஏம்லே முனகல?"

அவன் சொன்னான். "கயித்துல மச்சான் கையின்னு தெரிஞ்சிட்டு சார். அந்த இழுப்பு தெரியும்லா. அப்புறம் பள்ளிக்கூடம் ஞாபகமே வரல."

கட்டிலின் காலடியில் நின்ற ரீத்தா அதைக் கேட்டாள். அண்ணன் வாசலில் நிற்கிறான். அவள் அவனை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதேன்.

ஆளின் கவனக்குறைவே காரணம் என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். கஸ்பார் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தான். மிராண்டா சார் தருவைகுளத்துக்குத் தேடிப்போனார். என்னையும் கூட்டிப்போனார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு வா. உனக்கு உறவில்லாதவனுக்கு மட்டும் பிடி. உன்னளவு பயந்தவன் இந்தக் கரையில எனக்கு வேற ஆள் கிடையாது" என்றார். கஸ்பார் வந்தான். இன்று இந்தத் துறைமுகத்தில் கயிறு பிடிக்க அவனுக்கு மேல் ஆள் இல்லை. கொச்சியிலும் பம்பாயிலும் தண்ணீருக்குள் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் ஊருக்கு வந்தால் அவனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சூசைக்கு மட்டும் அவன் இன்னும் நேராக முகம் காட்டுவதில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் மிராண்டா சாரோடு பேருந்தில் வரும்போது, "உமக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டேன். ஊரே அவரை அஞ்சாநெஞ்சன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "தினமும் விடிஞ்சதும் பயந்துக்கிட்டேதான்யா எந்திரிக்கேன். என்னைக்குப் பயம் வரலியோ அன்னைக்கு எவனையும் இறக்க மாட்டேன்."

வேம்பாரில் மண் போட்டுத் திரும்பும்போது பொறியாளர் என் பக்கத்தில் வந்தார். வருத்தத்தோடுதான் வந்திருந்தார், அதைக் குறை சொல்லமாட்டேன். "நல்ல மனுஷன். கொஞ்சம் ஜாக்கிரதை ஜாஸ்தி" என்றார். நாலு அடி நடந்ததும், "அடுத்த குழு திங்கட்கிழமை வருது. நீங்களே பாத்துக்குங்க. படிப்பைப் பாதியாக் குறைச்சாச்சு" என்றார். இரும்பு அறையைப் பற்றிக் கேட்டேன். வரும் என்றார்.

கல்லறை வாசலில் அவருடைய துணிச்சலைப் பற்றிப் பலர் பேசினார்கள். பேசட்டும். தண்ணீருக்குள் இருக்கிறவனுக்காக மேலே ஒருவன் பயந்துகொண்டே இருக்க வேண்டும்; இத்தனை ஆண்டுகள் எங்கள் எல்லாருக்குமாக அதை அவர் ஒருவரே செய்துவந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பயத்தை. அது எனக்குப் போதுமா என்று தெரியவில்லை. அவரிடம் படித்து எங்கெங்கோ கயிறு பிடித்துக்கொண்டிருக்கிற நீங்களும் அதில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளுங்கள்.

புது ஆட்கள் நேற்றே வந்து கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் சங்கு குளித்தவர்கள். ஒருவனுக்கும் முகத்தில் பயமில்லை.